பாவலர் வரதராஜன்: செங்கொடி மேடையில் ஒரு குடும்பத்தின் இசை

பாவலர் வரதராஜன் 1973-ஆம் ஆண்டு மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1976 மே மாதம், 'அன்னக்கிளி' திரைக்கு வந்தது. தமிழ்த் திரையிசையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அந்த இரண்டாவது ஆண்டிலிருந்துதான் தொடங்குகின்றனர். பண்ணைப்புரத்திலிருந்து ஒரு கிராமத்து இளைஞர் திடீரெனத் தோன்றி, ஒரே படத்தால் இசையின் திசையை மாற்றிவிட்டார் என்பது அந்த வரலாற்றின் வடிவம். அந்த இளைஞருக்கு அதற்கு முன் பத்தாண்டுக் காலம் ஊர் ஊராக மேடை கிடைத்திருந்தது என்பதும், அந்த மேடையை உருவாக்கியவர் அவருடைய அண்ணன் என்பதும் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகின்றன.

மதுரை ஆனையூரில் சட்டக் கல்லூரி மாணவர்களோடு நாம் நடத்தும் ஞாயிறு வாசிப்புக் கூட்டத்தில் இந்த அடிக்குறிப்பு பற்றிய பேச்சு எழுந்தது. இளையராஜாவின் பாடல்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த இருபது பேரில், பாவலரின் பெயரைத் தாண்டி ஒரு செய்தியேனும் அறிந்தவர் இருவர் மட்டுமே. அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவர்களுக்கு முந்தைய தலைமுறையான நாம் எதைச் சொல்லிக் கொடுத்தோம் என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கான நமது பதிலாக இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மலையடிவாரத்து வீடு

இன்றைய தேனி மாவட்டம் 1996-இல் பிரிக்கப்படும்வரை மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அதன் மேற்கு விளிம்பில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். மலைக்கு அப்பால் தேயிலையும் ஏலமும்; மலைக்கு இப்பால் அத்தோட்டங்களுக்கு உழைப்பை அனுப்பும் கிராமங்கள். நிலமற்றவர்களும், அவர்களுள் பெரும்பான்மையினரான தலித் மக்களும் அந்த மலையை ஏறியும் இறங்கியும் வாழ்ந்தனர்.

டேனியல் ராமசாமியின் குடும்பம் அத்தகைய ஊரில் வாழ்ந்த தலித் கிறித்தவக் குடும்பம். வரதராஜன் அவருடைய மூத்த மகன். அடுத்த தாய் சின்னத்தாயம்மாளின் பிள்ளைகளான பாஸ்கர், ராசையா என்றழைக்கப்பட்ட ஞானதேசிகன், அமர்சிங் ஆகியோர் அவருக்குத் தம்பிகள். பின்னிருவரையும் உலகம் இளையராஜா, கங்கை அமரன் என்று அறியும். தந்தை பிள்ளைகளின் இளமையிலேயே இறந்தார். ராசையாவின் பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அக்காலத்தில் எழுந்துகொண்டிருந்த வைகை அணையில் கூலிவேலை செய்து பள்ளிக்குக் கட்டணம் சேர்க்க முயன்றதை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இங்கே சட்டம் படிப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, தன் மூன்றாம் பத்தியில், இந்து சமயம் அல்லாத பிற சமயத்தைச் சார்ந்தவரைப் பட்டியல் சாதியினராகக் கருதலாகாது என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அவ்விலக்கிலிருந்து விடுவிக்கப்பட்டனர். கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் அந்த வாயில் திறக்கவில்லை. அக்கேள்வியை ஆராய 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. ஊர் தெருவைப் பிரிக்கும்போது ஒருவரின் ஞானஸ்நானப் பெயரைக் கேட்பதில்லை; அரசு சான்றிதழ் வழங்கும்போது மட்டும் அதைக் கேட்கிறது. ஐம்பதுகளின் தலித் கிறித்தவ இளைஞர்கள் வளர்ந்தது அந்த இரட்டைப் பூட்டுக்குள்தான்.

கட்சி மேடை என்னும் சபா

அக்காலத்தில் ஒரு தலித் இளைஞன் இசைக்கலைஞனாவதற்கு எத்தனை வழிகள் இருந்தன? சபாக்களின் மேடை பிறப்பாலும் குருகுலத் தொடர்பாலும் காக்கப்பட்டது. கோயில் இசை இன்னொரு மரபின் உரிமை. தலித் மக்களுக்கு ஊர் ஒதுக்கிய இசை ஒன்று உண்டு: சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிப்பது. அதுவும் கட்டாய ஊழியமாகவே ஒதுக்கப்பட்டது. அதை மறுத்தவர்கள் அடியும் புறக்கணிப்பும் பெற்றனர்.

பொதுவுடைமைக் கட்சியின் கூட்டங்கள் நான்காவது வழியொன்றைத் திறந்தன. 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். துண்டறிக்கை எட்டாத இடத்திற்குப் பாட்டு எட்டும் என்பதைக் கட்சி அறிந்திருந்தது. பேச்சாளர் வருவதற்கு முன் கூட்டத்தைச் சேர்க்கவும், வந்தபின் கலையாமல் வைக்கவும், பேசியதை மறுநாள் வயலில் நினைவூட்டவும் பாட்டு வேண்டும். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் அந்த மண்ணிலிருந்து திரைக்குச் சென்றார். வரதராஜன் மேடையிலேயே நின்றார்.

அவருடைய முறை எளிமையானது, திறமையும் மிக்கது. மக்களின் நாவில் ஏற்கெனவே ஊறியிருந்த திரைப்பாடல் மெட்டை எடுத்துக்கொள்வார். அதில் கூலி, நிலம், விலைவாசி, தேர்தல் பற்றிய தமது சொற்களை இடுவார். மெட்டைக் கற்பிக்க வேண்டிய தேவையே இல்லாததால் கேட்பவர் முதல் முறையிலேயே உடன்பாடத் தொடங்குவர். காங்கிரசின் அன்றைய சின்னமான இரட்டைக் காளையை அவர் கேலிசெய்து பாடிய பாட்டு இன்றும் முதிய தோழர்களின் பேச்சில் வருகிறது. மெட்டு ஒருவருடையது, சொல் இன்னொருவருடையது, பாடும் வாய் ஊர் முழுவதற்குமானது என்ற ஏற்பாடு அது.

அவர் கையிலிருந்த கருவி ஆர்மோனியம். அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தன் ஒலிபரப்பில் விலக்கி வைத்திருந்தது. இந்திய இசையின் நுண்ணிய சுரங்களுக்கு அது ஒவ்வாதது என்பது சொல்லப்பட்ட காரணம். வானொலி விலக்கிய அக்கருவிதான் தெருக்கூத்துக்கும் நாடகக் கொட்டகைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் துணைநின்றது. தோளில் தூக்கலாம், மின்சாரம் வேண்டாம், மாட்டுவண்டியிலும் பேருந்தின் கூரையிலும் ஏற்றலாம். தடைசெய்யப்பட்ட கருவியை வைத்துக்கொண்டு, தடைகளுக்கு இடையில் வளர்ந்த கட்சிக்காக, தடுக்கப்பட்ட மக்களிடம் பாடினார் பாவலர்.

தேவிகுளம், 1958

1957 ஏப்ரலில் கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் பொதுவுடைமை அரசு அமைந்தது. 126 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் கட்சிக்கு இருந்தவை 60; ஆதரவு தந்த சுயேச்சைகள் 5. ஒவ்வோர் இடமும் அரசின் உயிரோடு பிணைந்திருந்த நிலையில், தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி தேர்தல் வழக்கில் செல்லாதென அறிவிக்கப்பட்டது. 1958 மே மாதம் இடைத்தேர்தல் வந்தது.

தேவிகுளம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்த பகுதி. 1956 நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் போராடியும், அது கேரளத்தோடு சேர்க்கப்பட்டது. அத்தொழிலாளர்கள் கங்காணிகளால் திரட்டப்பட்டு மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுள் கணிசமானோர் தலித் மக்கள். மலையாளம் பேசும் தலைவர்கள் அவர்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். அவ்விடத்தில்தான் பண்ணைப்புரத்துப் பாவலர் தேவைப்பட்டார். மலைக்கு அப்பால் இருப்பவர்கள் அவருக்கு அந்நியரல்லர். அவருடைய கிராமங்களின் உறவினர்கள். லயங்களின் முன்னே, வேலை முடிந்த மாலைகளில், அவர்களின் மொழியில், அவர்கள் அறிந்த மெட்டில் அவர் பாடினார்.

ரோசம்மா மீண்டும் வென்றார். அந்த வெற்றியைப் பாவலரின் பாட்டுக்கு உரியதாக்கி முதலமைச்சர் மேடையிலேயே பாராட்டினார் என்று அக்குடும்பத்தினர் நினைவுகூர்ந்து வருகின்றனர். ஒரு தேர்தலைப் பாட்டு மட்டும் வென்றுதருவதில்லை. தொழிற்சங்கமும் ஊழியர்களும் மாதக்கணக்கில் உழைத்திருப்பர். ஆனாலும், இந்தியாவில் வாக்குச்சீட்டின் வழியே வந்த முதல் பொதுவுடைமை மாநில அரசு நெருக்கடியில் நின்றபோது, அதற்காகத் தமிழ்த் தொழிலாளரிடம் பேசிய குரல் ஒரு தலித் பாடகரின் குரல் என்பது கேரள வரலாற்றிலும் தமிழக வரலாற்றிலும் இடம்பெற வேண்டிய செய்தி. 1959 சூலை 31 அன்று அவ்வரசு கலைக்கப்பட்டது. பாட்டு கலையவில்லை.

அண்ணன் தம்பிகளின் குழு

ஏறத்தாழ அதே காலத்தில்தான் ராசையா, பதினான்கு வயதளவில், அண்ணனின் மேடையில் ஏறினார். வரதராஜனின் உடல்நிலை சீர்கெட்டிருந்த ஒரு வேளையில், துணைக்குத் தம்பியை அழைத்துச் செல்லும்படி சின்னத்தாயம்மாள் சொன்னதே தொடக்கம் என்று இளையராஜா கூறியிருக்கிறார். அதற்குமுன் அண்ணனின் ஆர்மோனியத்தைத் தொடுவதற்கே தம்பிகளுக்கு அனுமதியில்லை, தொட்டால் பிரம்படி. அண்ணன் வெளியூர் சென்ற நேரங்களில் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகிய விரல்களே பின்னர் அக்குழுவின் விரல்களாயின.

'பாவலர் பிரதர்ஸ்' என்ற பெயர் நிலைத்தது. அண்ணன் எழுதிப் பாடினார், ராசையா ஆர்மோனியம், பாஸ்கர் தாளக்கருவி, அமர் பின்னர் கிதார். ஏறக்குறைய பத்தாண்டுகள் தென்னிந்தியா முழுவதும் அவர்கள் பயணம் செய்தனர். 1964-இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு ராசையா மெட்டமைத்தார். அதுவே அவருடைய முதல் இசையமைப்பாகக் கூறப்படுகிறது. அண்ணனின் குழு தம்பிக்குப் பயிற்சிக்கூடமாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

குடும்பமே குழுவாவது ஏன்? சிலர் இதை இரத்தத்தில் ஊறிய இசை என்று விளக்குவர். பிறப்பால் கலை வரும் என்ற அவ்விளக்கம் சாதியின் மொழியேயாகும். நாம் அதை ஏற்பதற்கில்லை. நமது விடை வேறு. இசைப்பள்ளி இல்லாதவனுக்கு வீடே பள்ளி. முதலீடு இல்லாதவனுக்குத் தம்பியின் உழைப்பே முதலீடு. ஊர் ஊராகச் செல்கையில் எவர் வீட்டில் உண்பது, எங்கே படுப்பது என்ற கேள்விகளை உடையவனுக்கு உடன்பிறந்தோரே பாதுகாப்பு. ஒடுக்கப்பட்டோர் தம் கையில் வைத்திருக்கும் ஒரே நிறுவனம் குடும்பமாக இருக்கும்போது, குழுவும் குடும்பமாகவே அமைகிறது.

இது நமது மண்ணுக்கு மட்டும் உரியதன்று. கலிஃபோர்னியாவில் கறுப்பினத் திருச்சபையில் பாடி வளர்ந்த ஸ்டூவர்ட் குடும்பத்தின் பிள்ளைகள், சிறுவயதிலேயே நற்செய்திப் பாடல் குழுவாக இசைத்தட்டு வெளியிட்டனர். அவர்களுள் ஒருவரான சில்வெஸ்டர், அறுபதுகளின் பிற்பாதியில் தம்பி ஃப்ரெடியையும் தங்கை ரோசையும் இணைத்துக்கொண்டு 'ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன்' என்ற குழுவை நடத்தினார். ஃபங்க் என்னும் இசைவகை உருப்பெற்றதில் அக்குழுவுக்குப் பெரும்பங்கு உண்டு. கறுப்பரும் வெள்ளையரும், ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் கருவி ஏந்திய குழு அது. 1969-இல் வுட்ஸ்டாக் பெருவிழாவில் அவர்கள் வாசித்த அதே ஆண்டுகளில்தான் நமது அண்ணன் தம்பிகளின் குழுவும் தன் மேடைக்காலத்தின் முடிவை நெருங்கியது.

இவ்வொப்பீடு ஒரு சங்கடமான உண்மையையும் காட்டுகிறது. ஸ்டூவர்ட் குடும்பத்தில் தங்கை மேடையேறினார். சிந்தியா ராபின்சன் என்ற பெண் எக்காளம் வாசித்தார். பாவலர் குழுவில் பெண்குரலுக்குரிய பகுதிகளைக் குரல் உடையாத சிறுவன் ராசையா பாடினார். சின்னத்தாயம்மாளின் நாட்டுப்புறப் பாட்டுகளே தம் இசையின் ஊற்று என்று மகன்கள் பின்னாளில் போற்றினர். அந்த ஊற்று மேடைக்கு வரவில்லை. அக்காலத்து முற்போக்கு மேடையின் எல்லை அது. தலித் பெண்களின் பாட்டு வயலிலும் தொட்டிலருகிலும் ஒப்பாரியிலும் நின்றது. அவற்றை மேடைக்குக் கொண்டுசென்ற புகழ் ஆண்களுடையதாயிற்று. நாம் பாவலரைப் போற்றும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிரிந்த பாதைகள்

1968-இல் தம்பியர் சென்னைக்குப் புறப்பட்டனர். வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை நானூறு ரூபாய்க்கு விற்று, அத்தொகை முழுவதையும் சின்னத்தாயம்மாள் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். பாட்டு கேட்கும் பெட்டியை விற்றுப் பாட்டு செய்யப் பிள்ளைகளை அனுப்பிய அத்தாயின் செயலை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பயிற்சி, எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் வாசிப்பு, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் பணி எனத் தம்பியின் பயணம் தொடர்ந்தது.

அந்த 1968-ஆம் ஆண்டின் திசம்பர் 25 அன்றுதான் கீழ்வெண்மணியில் 44 தலித் உயிர்கள் குடிசையோடு எரிக்கப்பட்டன. அவர்கள் கூலி கேட்டுச் செங்கொடி ஏந்தியவர்கள். கூலிப் பிரச்சினை என்று மட்டும் அதைச் சொல்லிச் சாதியை மறைத்த குரல்களும் அன்று இருந்தன. கட்சியோ 1964-இலேயே இரண்டாகப் பிளந்திருந்தது. பாவலர் வளர்ந்த மேடையின் உலகம் மாறிக்கொண்டிருந்தது. தம்பியின் பெயர் திரையில் ஒளிர்வதைக் காணாமலேயே 1973-இல் அவர் மறைந்தார். பின்னாளில் பாஸ்கர் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்ற பெயரில் படம் தயாரித்தார். 1981-இல் பாரதிராஜா இயக்கிய 'அலைகள் ஓய்வதில்லை' அந்நிறுவனத்தின் படம். பெயர் திரையில் மின்னியது. பெயருக்குரியவரின் அரசியல் அத்திரையில் இல்லை.

நினைவின் உரிமை யாருக்கு?

2022-இல் அம்பேத்கரையும் பிரதமரையும் ஒப்பிட்டு இளையராஜா எழுதிய முன்னுரை பெரும் விவாதத்தை எழுப்பியது. அதே ஆண்டு அவர் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அவ்விவாதத்தின்போது பலர் திடீரெனப் பாவலரை நினைவுகூர்ந்தனர். செங்கொடி அண்ணனின் தம்பி இப்படிச் செய்யலாமா என்பது கேள்வி. முன்னுரையின் கருத்தோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அண்ணனைத் தம்பியை அடிக்கும் கோலாக மட்டும் எடுப்பதும், தம்பியைப் போற்றும்போது அண்ணனை அடிக்குறிப்பாக்குவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். இரண்டிலும் பாவலர் தமக்குரிய மனிதராக நிற்பதில்லை. சாதி அடையாளத்தால் தம்மை அழைப்பதை இளையராஜா விரும்பியதில்லை. அது அவருடைய உரிமை. ஒரு தலித் பாடகர் தம் காலத்தில் என்ன செய்தார் என்பதை அறிவது நமது உரிமை. இவ்விரண்டும் மோத வேண்டியதில்லை.

அறிவதற்கு என்ன வழி? வழக்கறிஞர்களாகச் சில செய்திகளைச் சொல்கிறோம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து அறுபது ஆண்டுகள் அவருடைய எழுத்துக்கு உரிமை உண்டு. ஆகவே பாவலர் எழுதிய சொற்களுக்கான உரிமை 2033 முடியும்வரை அவருடைய வாரிசுகளிடம் இருக்கும். அவற்றை நூலாக்க அவர்களின் இசைவு வேண்டும். மேடையில் நிகழ்த்தியதற்கோ, நிகழ்த்துகலைஞர் உரிமை நமது சட்டத்தில் நுழைந்ததே 1994-இன் திருத்தத்தில்தான். பாவலரின் தலைமுறைக் கலைஞர்களுக்கு அச்சட்டத்தால் பயனில்லை. இரவெல்லாம் பாடியவருக்குக் கூலியும் உரிமையும் பதிவும் இல்லாதிருந்ததே அக்கால நிலை. ஆனால் ஆய்வுக்காகவும் தனிப்பட்ட கல்விக்காகவும் திரட்டுவதை, விமர்சனத்துக்காக எடுத்தாள்வதை, அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு நியாயமான அளவில் அனுமதிக்கிறது. முதியோரிடம் சென்று கேட்டுக் குறித்துக்கொள்ள எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

1958-இல் லயத்தின் முன்னே நின்று அப்பாட்டைக் கேட்ட பதினைந்து வயதுச் சிறுமிக்கு இன்று எண்பது வயது கடந்துவிட்டது. மெட்டு அறிந்த பாட்டு என்பதால் அவர்களுள் சிலருக்கேனும் சொற்கள் மறந்திருக்காது. மூணாறிலும் போடியிலும் கம்பத்திலும் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர் இருக்கின்றனர். மதுரையின் பழைய தொழிற்சங்கத் தோழர்கள் இருக்கின்றனர். ஒவ்வொருவரும் மறையும்போது, அச்சேறாத ஒரு நூலகத்தின் அலமாரி ஒன்று எரிகிறது.

ஆனையூர்க் கூட்டத்தின் முடிவில் மாணவர்கள் ஆளுக்கோர் ஊரை எடுத்துக்கொண்டனர். கைப்பேசியில் ஒலிப்பதிவு, ஒரு நோட்டில் பெயரும் ஊரும் ஆண்டும், பாடியவரின் ஒப்புதல் என மூன்றே விதிகள். சின்னத்தாயம்மாளைப் போல் மேடையேறாத பெண்களிடம் முதலில் செல்வது என்பது நான்காவதாக மாணவியர் சேர்த்த விதி. கம்பம் பள்ளத்தாக்கிலும் மலைத்தோட்டங்களிலும் உறவினர் உள்ள வாசகர்கள் தத்தம் வீட்டு முதியோரிடமிருந்து இப்பணியைத் தொடங்கலாம். வரும் விடுமுறைக்குள் தொடங்குவது நல்லது.